இறங்கிப் பார்க்காதவர்

என் கணவன் ஸஹ்ரானின் அண்ணன் பெயர் முன்திர். இந்தக் கதை முழுக்க நான் அவரை 'அவர்' என்றுதான் சொல்லப்போகிறேன். அது என் மாமியாருக்காக. என் விருப்பத்துக்கு விட்டால் வேறு வார்த்தை இருக்கிறது.

ஓமானின் இப்ராவில் எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை பாலைவனம் முன்திருக்கு எழுதி வைத்த சொத்து. குளிர்காலம் வந்துவிட்டால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வஹீபா மணலுக்குள் வண்டியை விடுவார். அவர் பின்னால் போக எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். மேட்டிலிருந்து வண்டி பாய்வதைப் படம் பிடித்து இணையத்தில் போடுவார். பார்ப்பவர்கள் 'மணலின் சிங்கம்' என்று எழுதுவார்கள். அந்தச் சிங்கத்துக்கு வீட்டில் ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அந்த ஜனவரியில் பிதிய்யாவிலிருந்து தெற்கே கடல்வரை மணலைக் குறுக்காகக் கடக்கப் போகிறோம் என்றார். மூன்றே வண்டிகள். முதல் வண்டியில் அவரும், பறக்கும் கேமரா வைத்திருக்கும் அஸ்ஸான் என்ற இளைஞனும். நடுவில் ஜும்ஆ வாத்தியாரும் அவர் மனைவி ஸுவைனாவும். ஓய்வு பெற்றபின் ஊர் சுற்றுவதையே வேலையாக வைத்துக்கொண்ட தம்பதி அவர்கள். கடைசி வண்டி எங்களுடையது. ஓட்டியது நான். ஸஹ்ரானுக்கு மணல்மேட்டில் ஏறி இறங்கினால் வயிற்றைப் புரட்டும். அவன் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

பிதிய்யாவைத் தாண்டி, தார்ச்சாலை முடிகிற இடத்தில், மணலில் புதையாமல் இருக்க டயர்களில் காற்றைக் குறைத்தோம். அங்கே முன்திர் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பாடம் எடுத்தார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. யாரும் தனியா வண்டி ஓட்டக்கூடாது. மேட்டு உச்சிக்குப் போனதும் வண்டிய நிறுத்தணும். இறங்கணும். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு கண்ணால பாக்கணும். பாக்காம எவனாவது வண்டிய இறக்குனான், அவன் அடுத்த தடவை என்கூட வரவேணாம். ரய்யா, உனக்கும்தான் சொல்றேன். பொம்பளைங்க ஓட்டுறப்ப கொஞ்சம் கூடுதல் கவனம் வேணும்."

"சரிங்க அபூ ஹைதம்," என்றேன். மூத்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவருடைய மூத்த மகன் ஹைதமின் பெயரால் அழைப்போம். "கூடுதல் கவனத்துக்குத்தான் உங்க தம்பியப் பக்கத்துல வச்சிருக்கேன். அவன் பையைத் திறந்தா நிறுத்திருவேன்."

ஸுவைனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸஹ்ரான் என் முழங்கையை இடித்தான். "சும்மா இரேன்," என்றான். நாங்கள் உறவுக்குள் கல்யாணம் செய்துகொண்டவர்கள்; சின்ன வயதிலிருந்தே எங்களுக்குள் வாடா போடாதான். அந்தச் சின்ன வயதிலிருந்தே அவன் என்னிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை 'சும்மா இரேன்'.

மதியம்வரை எல்லாம் நன்றாகவே போனது. காற்று இல்லை. மணல் காலையில் பாலாடை நிறத்திலும் உச்சிவேளையில் செங்கல் நிறத்திலும் இருந்தது. ஜும்ஆ வாத்தியாரின் பழைய வண்டி ஒருமுறை புதைந்தது. எல்லாரும் சேர்ந்து தள்ளினோம். வாத்தியார், வண்டிக்கு வண்டி பேசுகிற கை ரேடியோவில் பழைய கல்யாணப் பாட்டுகளைப் பாடினார். முன்திர், "ரேடியோவ அவசரத்துக்கு வைங்க வாத்தியாரே," என்று அதட்டினார்.

தொழுகை முடிந்து சாப்பிட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், ஒரு பள்ளத்தாக்கில் காஃப் மரங்கள் தெரிந்தன. முட்கள் நிறைந்த பச்சைக் குடைகள்போல ஏழெட்டு மரங்கள். அதன் ஓரத்தில் ஒரு பெரிய மேடு, கத்தி முனைபோல உச்சி. முன்திருக்கு அந்த மேட்டைப் பார்த்ததும் பொறுக்கவில்லை.

"அஸ்ஸான், நீ எதிர் மேட்டுல இறங்கிக்க. கேமராவப் பறக்க விடு. நான் மரங்களுக்கு மேலாகப் பாயுறேன். பின்னால மரம், முன்னால நான். படம் அள்ளிரும்."

காஃப் மரம் இருக்கும் இடத்தில் நிழல் இருக்கும். நிழல் இருந்தால் ஒட்டகமும் ஆடும் வளர்க்கும் பாலைவனத்து மக்கள், பதூக்கள், இருப்பார்கள். இது வஹீபாவில் பிறந்த பூனைக்கும் தெரியும். நான் ரேடியோவை எடுத்தேன். "அபூ ஹைதம், அந்தப் பக்கம் யாராச்சும் குடியிருக்கப் போறாங்க. பாத்துட்டு இறங்குங்க."

"எனக்கு வஹீபா தெரியும், ரய்யா."

அவர் நிறுத்தவில்லை. இறங்கவில்லை. பார்க்கவில்லை. மேட்டின் முதுகில் முழு வேகத்தில் ஏறி, உச்சியில் பாய்ந்து, அந்தப் பக்கம் மறைந்தார். மணல் ஒரு விசிறிபோல எழுந்தது. பிறகு ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. நிறைந்த அரிசி மூட்டையைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். அதற்குப் பின்னால்தான் அந்த அலறல்.

ரேடியோவில் அவர் குரல் மூச்சிரைத்தது. "என்னமோ தட்டுச்சு. யாரும் நிக்காதீங்க. இங்க மணல் ரொம்ப இளக்கம், நின்னாப் புதைஞ்சிருவோம். என் தடத்துலயே வாங்க."

என்னமோ தட்டுச்சு. அந்த இரண்டு வார்த்தைகளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என்ன தட்டியது என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலேதான் போனார்.

நான் உச்சியில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். கீழே, மரத்தடியில் பனையோலைத் தட்டியால் அமைத்த ஒரு குடிசை, ஒரு ஆட்டுப்பட்டி, ஒரு பழைய பிக்கப் வண்டி. பட்டியின் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அதன் முன்னால் வெளிறிய ஒரு ஒட்டகக் குட்டி எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தது. முன்கால்கள் ஊன்றின, பின்பாதி எழவில்லை. மறுபடி ஊன்றியது. மறுபடி விழுந்தது.

முன்திரின் வண்டி எதிர் மேட்டில் அஸ்ஸானை ஏற்றிக்கொண்டிருந்தது. ஜும்ஆ வாத்தியாரின் வண்டி குட்டியைத் தாண்டியபோது ஒரு கணம் வேகம் குறைந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

"ஜும்ஆ வாத்தியாரே!" என்று ரேடியோவில் கத்தினேன். "நில்லுங்க! குட்டி அடிபட்டுக் கிடக்கு!"

பதில் சொன்னது முன்திர்தான். "ரய்யா, அஸ்ஸான் சொல்லிட்டான், ஒட்டகக் குட்டிதானாம். மனுசன் இல்ல. நீ வா. பதூக்கள்கிட்ட மாட்டுனா ராத்திரி முழுக்கப் பஞ்சாயத்து."

"நான் வரல."

"ஸஹ்ரான்! உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

ரேடியோ என் கையில் இருந்தது. நான் ஸஹ்ரானைப் பார்த்தேன். 'சும்மா இரேன்' வரப்போகிறது என்று காத்திருந்தேன். வந்திருந்தால் அன்றைக்கே அவனை மணலில் இறக்கிவிட்டிருப்பேன். அவன் பிளாஸ்டிக் பையைக் கீழே போட்டுவிட்டு, கதவைத் திறந்து, மேட்டிலிருந்து நடந்தே இறங்கத் தொடங்கினான்.

நாங்கள் போய்ச் சேரும்போது ஒரு பெண் குட்டியின் தலையை மடியில் வைத்திருந்தாள். முகத்தில் பதூப் பெண்கள் போடும் கறுப்பு முகமூடி. பெயர் ஸலூமா என்று பிறகு சொன்னாள். புருஷன் ஆடு விற்க ஸினாவ் சந்தைக்குப் போயிருந்தான். அவள் தனியாக இருந்தாள்.

"நீங்களா அடிச்சீங்க?" என்றாள் தலை நிமிராமல்.

"இல்ல. அடிச்சது எங்கூட வந்தவர். என் புருஷனோட அண்ணன்."

"எங்க அவன்?"

ஸஹ்ரான் சொன்னான், "போயிட்டாரு."

அப்போதுதான் அவள் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள். முகமூடிக்கு உள்ளே கண்கள் மட்டும். "போயிட்டானா? இறங்காமயா?" நம்பமுடியாத ஒன்றைக் கேட்டவள் போல இரண்டு முறை கேட்டாள்.

தாய் ஒட்டகம் மரங்களுக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்திருக்கிறது. குட்டியின் குரல் கேட்டு ஓடிவந்தது. வந்து, குட்டியை மூக்கால் தள்ளித் தள்ளி எழுப்பப் பார்த்தது. ஸலூமா குட்டியின் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அது கத்தியது. கடைசியில் அவள் கையை எடுத்துவிட்டாள்.

"இது பொழைக்காது," என்றாள். "ராவெல்லாம் கத்த விடறது பாவம். தம்பி, நீ கழுத்தப் பிடிச்சுக்கறியா? முகத்த மக்கா இருக்கற கிப்லாப் பக்கம் திருப்பு. தங்கச்சி, நீ அந்தத் தாயை மரத்துக்குப் பின்னால கூட்டிட்டுப் போ. அது பாக்க வேணாம்."

மேடு ஏறினால் வாந்தி எடுக்கிற என் ஸஹ்ரான் மண்டியிட்டு உட்கார்ந்து அந்தக் குட்டியின் கழுத்தை அணைத்துக்கொண்டான். நான் தாயின் மூக்குக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அது வரமாட்டேன் என்று நின்று நின்று திரும்பியது. ஸலூமா பிஸ்மில்லாஹ் சொல்வது கேட்டது. அதற்குப் பிறகு குட்டியின் சத்தம் நின்றது. தாயின் சத்தம் நிற்கவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது ஸஹ்ரானின் வெள்ளை அங்கி மார்பிலிருந்து கீழே வரை சிவந்திருந்தது. அவன் கைகளை மணலில் தேய்த்துக்கொண்டே இருந்தான். வாந்தி எடுக்கவில்லை.

ஸலூமா குட்டியை ஒரு போர்வையில் சுற்றித் தன் பிக்கப்பில் ஏற்றச் சொன்னாள். "அவனுங்க ராவுக்கு எங்க தங்குறானுங்க?"

இடம் முன்பே பேசிவைத்ததுதான். சொன்னேன்.

"முன்னால போ. நான் வாறேன்."

நான் முன்னால் போனேன் என்று சொல்ல ஆசைதான். இரண்டாவது மேட்டிலேயே அவள் என்னைத் தாண்டிவிட்டாள். விளக்கு ஒன்று உடைந்த, கதவு கயிற்றால் கட்டிய அந்த வண்டி மணலில் வழுக்கிக்கொண்டு போனது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, 'சீக்கிரம் வா' என்பதுபோல ஆட்டினாள்.

சூரியன் இறங்கும் நேரத்தில் முகாமைச் சேர்ந்தோம். பாய் விரித்திருந்தார்கள்; நெருப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. முன்திர் தன் வண்டியின் முன்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். குடிக்கிற தண்ணீர்க் கேனைக் கவிழ்த்து, துணியால் துடைத்துத் துடைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். மணலுக்கு நடுவில் குடிதண்ணீரால் வண்டி கழுவுகிற ஒரு மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தம்பியின் அங்கியில் இருந்த இரத்தத்தைப் பார்த்ததும் துணி அவர் கையில் நின்றது.

ஸலூமா நேராக நெருப்பருகே போய் ஸலாம் சொல்லி உட்கார்ந்தாள். வந்தவர் யாராயிருந்தாலும் கஹ்வா என்கிற ஏலக்காய்க் காப்பி கொடுக்காமல் பேசுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஸுவைனா பேரீச்சம்பழத் தட்டைத் தள்ளினாள். ஜும்ஆ வாத்தியார் கோப்பையில் கஹ்வாவை ஊற்றிக் கொடுத்தார்.

ஸலூமா வாங்கினாள். உதட்டுக்குக் கொண்டுபோகாமல் மணலில் வைத்தாள்.

விருந்தாளி கோப்பையைக் கீழே வைத்தால், வந்த காரியம் முடியாமல் குடிக்கமாட்டேன் என்று பொருள். அதை வைத்தபின் கொடுத்தவருக்கும் தொண்டையில் இறங்காது.

"என்ன வேணும், சொல்லு மகளே," என்றார் ஜும்ஆ வாத்தியார்.

"என் வாசல்ல ஒருத்தன் வண்டி ஓட்டுனான். அவன் பேசணும்."

முன்திர் துணியைப் பிழிந்துகொண்டே வந்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, படங்களில் சிரிக்கிற அதே சிரிப்பு. "அக்கா, நடந்தது நடந்துபோச்சு. குட்டியக் கட்டிவைக்காம விட்டா அது வழியில வரத்தானே செய்யும்."

"வழியா? அது எப்ப வழியாச்சு? நான் சமைக்கிற இடம் அது."

"சரி சரி. கோவப்படாதீங்க. ஹலாலா அறுத்துட்டீங்கல்ல? கறி வீணாப் போகாது. இங்கயே அடுப்பு எரியுது, சேந்து சாப்பிடுவோம். உங்களுக்கு வேண்டியதையும் கொடுத்துர்றேன்." அங்கிப் பையில் கையை விட்டார்.

நான் வாய் திறக்கும்முன் ஸலூமா எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"பையில இருந்து கைய எடு. நான் காசுக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். நீ மேட்டுல இருந்து விழுந்தப்ப, உன் வண்டியில எது அடிபட்டுச்சுன்னு உனக்குத் தெரியுமா? நான் குனிஞ்சு அந்தப் பட்டிக்குப் பக்கத்துல ஆட்டுப் பால் கறந்துட்டு இருந்தேன். நானா, குட்டியா, என்னன்னு பாத்தியா?"

"பாத்தேன். ஒட்டகக் குட்டின்னு தெரிஞ்சுதான் போனேன்."

பொய். வாய் கூசாத பொய். நான் அஸ்ஸானைப் பார்த்தேன். அவன்தான் மேலே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன். அவன் சொல்லித்தான் முன்திருக்கே தெரியும். அவன் தன் கேமராவின் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணே," என்றான் ஸஹ்ரான்.

அவன் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நீ பாக்கல. 'என்னமோ தட்டுச்சு'ன்னு ரேடியோல சொன்ன. நான் கேட்டேன். எல்லாரும் கேட்டோம். அஸ்ஸான் சொன்ன பிறகுதான் குட்டின்னு உனக்குத் தெரியும். தெரிஞ்ச பிறகும் நீ திரும்பி வரல."

"ஸஹ்ரான், வெளியாளுக்கு முன்னாடி அண்ணனைக் காட்டிக் கொடுக்கறியா?"

"காட்டிக் கொடுக்க என்ன இருக்கு? என் அங்கியப் பாரு. இந்த இரத்தம் உன் மேல இருக்க வேண்டியது. நான் போட்டுட்டு நிக்கறேன். பாத்தேன்னு சொல்லாத. பாக்கலைன்னு சொல்லு. அவ்வளவுதான் அவங்க கேக்கறாங்க. ஒரு வார்த்தை."

ஜும்ஆ வாத்தியார் தன் கோப்பையைத் தரையில் வைத்தார். "நான் பாத்தேன்," என்றார் மெதுவாக. "குட்டி கிடந்ததைப் பாத்துட்டுத்தான் தாண்டிப் போனேன். தலைவர் சொல்றாரேன்னு போனேன். இத்தனை வயசுல எனக்கு எதுக்கு ஒரு தலைவர்? மகளே, என்னை மன்னிச்சிரு." ஸுவைனா அழுதுகொண்டிருந்தாள்.

இனி முன்திர் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். 'பார்க்கவில்லை, தப்பு' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பெண் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்திருப்பாள். நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து சோறு தின்றிருப்போம். அதோடு முடிந்திருக்கும்.

அவர் கையில் இருந்த ஈரத்துணியை மணலில் எறிந்தார். "ஒரு குட்டி ஒட்டகத்துக்கு இவ்வளவு கூத்தா? அஸ்ஸான், சாமானை ஏத்து. இவங்களோட இனி ஒரு இடத்துக்கும் வரமாட்டேன்."

"தனியாகவா போவீங்க?" என்றேன். "யாரும் தனியா வண்டி ஓட்டக்கூடாதுன்னு காலையில பாடம் எடுத்தது நீங்கதானே அபூ ஹைதம்?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் வீட்டில் அந்தப் பார்வைக்கு எல்லாரும் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார்கள். இங்கே சமையலறை இல்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர்தான் போனார். அவர் வண்டியின் சிவப்பு விளக்குகள் மேட்டைத் தாண்டி மறைந்தன.

ஸலூமா குனிந்து கோப்பையை எடுத்து, கஹ்வாவை மணலில் ஊற்றினாள். "நீங்க தப்பா நினைக்காதீங்க," என்று ஜும்ஆ வாத்தியாரிடம் சொன்னாள். "உங்க கஹ்வா நல்ல கஹ்வாதான்."

மறுநாள் நாங்கள் கடலுக்குப் போகவில்லை. அவள் குடிசைக்குத் திரும்பி, ஸஹ்ரானும் வாத்தியாரும் சேர்ந்து பட்டியை நிமிர்த்திக் கட்டிக் கொடுத்தார்கள். வாத்தியார் பாடவில்லை.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஸலூமாவின் புருஷன் தங்கள் பெரியவர்களிடம் சொல்ல, அவர்கள் என் மாமனாரிடம் வந்தார்கள். மாமனார் வெட்கத்தோடு இழப்பீட்டைக் கொடுத்து அனுப்பினார். முன்திர் அந்த வீட்டுக்குள்ளேயே மேல்மாடியில்தான் இருந்தார். இறங்கி வரவில்லை. அந்த வாரமே படம் வெளிவந்தது. காஃப் மரங்களுக்கு மேலே வண்டி பாய்கிறது. தரையைத் தொடும் முன்பே படம் வெட்டப்பட்டு, அடுத்த காட்சியில் சூரியன் மறைகிறது. பத்தாயிரக்கணக்கானவர்கள் பாராட்டியிருந்தார்கள். நான் அதன் கீழே நடந்ததை எழுதினேன். அழித்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தார்கள். என் மாமியார் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். "மணலில் நடந்ததை வீட்டுக்குள் கொண்டுவந்தவள்" என்று மற்ற மருமகள்களிடம் சொன்னாராம். வண்டி ஓட்டியவர் மேல் ஒரு சொல் இல்லை. இறங்கிப் பார்த்தவள்தான் குற்றவாளி.

சில வாரங்கள் கழித்து நானும் ஸஹ்ரானும் ஸலூமாவைப் பார்க்கப் போனோம். தீவன மூட்டைகள் கொண்டுபோனோம். அவள் தாய் ஒட்டகத்தைக் கறந்துகொண்டிருந்தாள். அதன் முன்னால் ஏதோ ஒன்று நின்றது. கிட்டே போனபிறகுதான் தெரிந்தது. குட்டியின் தோலை உரித்து, காய்ந்த புல்லை உள்ளே திணித்துத் தைத்து, நான்கு குச்சிகளில் நிறுத்தியிருந்தாள். தாய் அதை முகர்ந்து முகர்ந்து நக்கிக்கொண்டிருந்தது. நக்க நக்கப் பால் இறங்கியது.

"இல்லைன்னா கறக்க விடமாட்டேங்குது," என்றாள் ஸலூமா. "மடி கட்டிக்கிட்டு நோவுது அதுக்கு."

ஸஹ்ரான் மேட்டின் மேல் ஏறி, கைபேசியைக் காதில் வைத்தான். யாரை அழைக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணே, நான் ஸலூமா வீட்டுல இருக்கேன்... இல்ல, காசு விஷயம் இல்ல. நீ ஒரு தடவை இங்க வா. ஒண்ணைக் காட்டணும். என்னன்னு வந்து பாரேன்... அண்ணே? கேக்குதா?"

காற்று அவன் அங்கியைப் படபடக்க வைத்தது. அவன் கைபேசியைப் பார்த்தான்.

"கட் பண்ணிட்டான்," என்றான் என்னிடம்.

முதல்முறையாக அவன் தன் அண்ணனை 'அவன்' போட்டுப் பேசினான். நான் 'சும்மா இரேன்' என்று சொல்லவில்லை.